பேறுகாலத்தில் பக்கத்தில் யார்?

2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் எங்கள் வடக்குப்பட்டில் குழி போட்டார்கள். ஒரகடத்தின் கார் ஆலைகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் இது. அதுவரை வெளியூரில் இந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. குழியிலிருந்து கற்கருவிகள் வந்தன. ரோமாபுரியின் மது ஜாடித் துண்டுகள் வந்தன. பொன் அணிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருட்கள் வந்தன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை எடுத்த பல்லாவரம் இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். ஆக, இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த காலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத்தான் எண்ண வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்று அந்தக் குழிகளைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் கல்லைச் செதுக்கியவர், அந்த ஜாடியை வாங்கியவர், அந்தப் பொன்னை அணிந்தவர் எல்லோரையும் ஒரு பெண் வலி பொறுத்துப் பெற்றிருப்பாள். அவள் முதுகை இன்னொரு பெண் தாங்கிப் பிடித்திருப்பாள். அதற்கு ஒரு தடயமும் மண்ணில் மிஞ்சவில்லை. செத்தவர்களுக்குத் தாழி உண்டு. பிறந்ததற்கு என்ன உண்டு?

எழுத்திலும் அப்படித்தான். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் ராமானுஜர் பிறந்தார். சித்திரைத் திருவாதிரை என்று நட்சத்திரம் வரைக்கும் ஊருக்கே தெரியும். தாயார் காந்திமதி என்பதும் தெரியும். பேறு பார்த்த கிழவி யார் என்று எந்தக் குருபரம்பரையும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம் குன்றத்தூர், சேக்கிழாரின் ஊர். அவர் பெரியபுராணத்தில் சொல்லும் கோச்செங்கட்சோழர் கதையில் மட்டும் ஒரு பிரசவம் கண்முன் வருகிறது. சோதிடர்கள் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்கிறார்கள். அரசி கமலவதி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொல்கிறாள். நேரம் கடந்து பிறந்த பிள்ளையின் கண் சிவந்திருக்கிறது. அந்தச் சிவந்த கண்ணைச் சொல்லி அழைத்துவிட்டுத் தாய் இறந்துபோகிறாள்.

பிள்ளைக்காகத் தாய் தாங்கியதைப் புராணம் பெருமையாகச் சொல்கிறது. நான் முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு எடுத்தவள். எனக்கு அந்தக் கதையில் அரசியைவிட அவளைச் சுற்றி நின்றவர்கள்மேல்தான் கண் போகிறது. கயிற்றைக் கட்டிய கைகள் யாருடையவை? அவர்களில் ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லையா?

*

இதையெல்லாம் யோசிக்க வைத்தவள் என் மாடி வீட்டில் குடியிருக்கும் பெண். போளூர்ப் பக்கம் சொந்த ஊர். ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையின் தரப் பிரிவில் வேலை. கணவருக்கு வேறு ஆலை, வேறு ஷிப்ட். தலைப்பிரசவம். ஆறாம் மாதம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

“டீச்சர், நீங்க ஹிஸ்டரிதான எடுத்தீங்க? அந்தக் காலத்துல எல்லாரும் வீட்லதான பெத்துக்கிட்டாங்க? பயமில்லாமதான பெத்திருப்பாங்க? இப்ப ஏன் முடியாது?”

போனில் ‘ஹிப்னோபர்த்திங்’ வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். மூச்சை நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவது, படுக்கும்போது காதில் மாட்டிக் கேட்க ஒரு குரல்பதிவு, உடம்பின் ஒவ்வொரு பாகமாகத் தளர்த்துவது, மங்கிய விளக்கு, கணவரின் கை முதுகில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் ‘வலி’ என்ற சொல்லையே சொல்லக் கூடாதாம். ‘அலை’ என்று சொல்ல வேண்டுமாம். சொல் பயத்தை உண்டாக்கும், பயம் உடம்பை இறுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம் என்பார்கள். வேண்டியது மட்டும் கேட்கும். “வலின்னு சொல்லக் கூடாதா? வலி வராம புள்ள எப்டிம்மா வரும்? வலி நின்னு பூட்டாதான் பயம்” என்றார்.

அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. தமிழில் ‘வலி’ என்றால் நோவு மட்டுமில்லை, பலமும்தான். வள்ளுவர் 48ஆம் அதிகாரத்துக்கு ‘வலியறிதல்’ என்று பெயர் வைத்தபோது அவர் உடம்பு நோவதைப் பற்றி எழுதவில்லை. பேறுகாலப் பேச்சில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே ஓடுகின்றன. ‘நல்ல வலி வந்துடுச்சா’, ‘வலி போதல’, ‘இது பொய் வலி, சூட்டு வலி’. சந்தேகம் வந்தால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள்; பொய் வலி அடங்கும், மெய் வலி ஏறும். சிசிலியா வான் ஹோலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1995இல் சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கிராமத்திலும் தங்கித் தாய்மார்களோடு பேசி, 2003இல் ஒரு நூல் எழுதினார். நம் பெண்கள் வலி மரத்துப்போக ஊசி கேட்கவில்லை, வலி ஏறுவதற்கு ஊசி கேட்டார்கள் என்று அவர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். வலி ஏறினால் சக்தி ஏறும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆக, வலியை அஞ்சாமல் பார்க்கக் கற்பதற்கு நாம் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. சொல் வீட்டிலேயே இருக்கிறது. மாடிப் பெண் கேட்டதோ வேறு. பயமில்லாமல் பெற்றார்களா? வீட்டில் பெறலாமா? இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

*

அவள் காதில் மாட்டிக் கேட்கும் அந்தக் குரலின் பூர்வீகம் விசித்திரமானது. அதில் ஒரு முக்கியமான கண்ணி இந்தியாவில், ஹூக்ளியில் இருக்கிறது.

ஹூக்ளியில் அரசு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். வியன்னாவின் மெஸ்மர் பேரால் வழங்கிய ‘மெஸ்மரிச’ முறையைப் பற்றிப் படித்திருந்தார்; யாரும் செய்து பார்த்ததில்லை. 1845 ஏப்ரலில் ஒரு சிறைக்கைதிக்கு அறுவை செய்தபோது, வலி தாங்காமல் துடித்தவனை இந்த முறையில் மயங்க வைக்க முயன்றார். முயற்சி பலித்தது. அடுத்த சில மாதங்களில் அந்த முறையிலேயே பல பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். 1846இல் அரசாங்கம் குழு அமைத்து ஆராய்ந்தது; கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு மருத்துவமனையும் சோதனையாகக் கிடைத்தது. அதே ஆண்டு ‘இந்தியாவில் மெஸ்மரிசம்’ என்று நூலும் எழுதினார். ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட். அதுவும் அதே 1840கள்.

எஸ்டெய்ல் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. நோயாளியை மயங்க வைத்தவர் பெரும்பாலும் எஸ்டெய்ல் இல்லை. அது அவருக்கு முடியாத வேலை. மருத்துவமனையில் உதவிக்கு இருந்த இந்து, முஸ்லிம் இளைஞர்களைப் பழக்கினார். இருட்டாக்கிய அறையில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தருகே குனிந்து, உடம்பின்மேல் கையை மெல்ல ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சில நேரம் மணிக்கணக்கில். சிலருக்கு நாள்கணக்கில். அந்த இளைஞர்கள் இல்லாமல் எஸ்டெய்லின் கத்திக்கு வேலை இல்லை. வைத்தியத்தின் பெயர் அவருக்கு, உழைப்பு அவர்களுக்கு.

ஆனால் காலம் அவருக்கு இடம் தரவில்லை. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபாம் கொடுத்தார். ஒரு கைக்குட்டையில் சில சொட்டு, சில நிமிஷம், வேலை முடிந்தது. மணிக்கணக்கில் உட்காரும் ஆள் தேவைப்படவில்லை. 1853இல் விக்டோரியா மகாராணியே எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்னோவிடம் குளோரோபாம் வாங்கிக்கொண்டார். மெஸ்மரிசம் மேடை வித்தையாகிப் போனது.

*

அது மறுபடி பிரசவ அறைக்குள் வந்தது கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழியாக, வேறு வடிவத்தில். முதல் உலகப் போருக்கு முன் லண்டன் வைட்சேப்பல் சேரியில், மழை ஒழுகும் ஓர் அறையில் பிரசவம் பார்க்கப் போனார். குளோரோபாம் முகமூடியை நீட்டினார். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். அமைதியாகப் பெற்றாள். ஏன் மறுத்தாய் என்று பிறகு கேட்டபோது, வலிக்கவில்லையே, வலிக்கத்தான் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டாளாம். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 1933இல் ‘இயற்கைப் பிரசவம்’ என்ற நூல், பிறகு உலகம் முழுக்க விற்ற ‘அச்சமில்லாப் பிரசவம்’. பயம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி பயத்தைக் கூட்டுகிறது என்ற முக்கோணம் அவருடையது. இன்றைய ஹிப்னோபர்த்திங் வகுப்பின் முதல் பாடம் அதுதான்.

அவர் சொன்னதில் பாதி சரி என்று எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்வாள். மறுபாதியில்தான் எனக்குச் சண்டை. நாகரிகம் தொடாத பெண்கள் புதருக்குப் பின்னால் போய் நோகாமல் பெற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள், பயம் நாகரிகம் தந்த நோய் என்பது அவர் நினைப்பு. காலனிய காலத்து வெள்ளைக்காரருக்குக் கறுப்பு, பழுப்பு உடம்பின் வலி தெரிவதில்லை; அந்தக் குருட்டுத்தனம்தான் இதிலும். இன்று நம் ஊரிலேயே ‘பாட்டிமார் பயமில்லாமல் பெற்றார்கள்’ என்று பேசுபவர்கள் பாட்டி சொன்னதைக் கேட்காமல் டிக்-ரீட் சொன்னதைத்தான் தங்களை அறியாமல் திருப்பிச் சொல்கிறார்கள்.

பாட்டிகளுக்கு என்ன தெரியும் என்பதற்கு மொழியே சாட்சி. ‘பெத்துப் பொழச்சா’ என்று ஏன் சொல்கிறோம்? பிரசவத்தை மறுபிறவி என்று ஏன் சொல்கிறோம்? எல்லோரும் பிழைக்கவில்லை என்பதால்தான். 1890களில் திண்டிவனத்தில், மருத்துவப் பாதிரியாரின் மகளான இளம் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று குடும்பத்து ஆண்கள் வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவிலிருந்துதான் வேலூர் மருத்துவமனை பிறந்தது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. ஆயிரம் பிரசவத்துக்கு 20 சாவு. ஊரில் ஐம்பது பிரசவம் நடந்தால் ஒரு பிணம்.

அத்தையிடம் கேட்டேன். அவர் விரலை மடக்கினார்.

“அஞ்சு பெத்தேன். மூணு தங்குச்சு. எல்லாம் இதே வூட்லதான். உத்தரத்துல கவுறு கட்டிக் கைய மேல புடிச்சிக்கச் சொல்லுவாங்க. எங்கம்மா பின்னால குந்திக்கினு நெஞ்சோட அணைச்சிக்கும். மருத்துவச்சி கெழவி முன்னால. அதும் கை எப்பவும் சூடா இருக்கும். வெளக்கெண்ண தடவும். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’னு சொல்லிக்கினே இருக்கும். அந்தக் கொரலுதான் எனக்கு ஞாபகம்.”

பயம் இருந்ததா என்றேன்.

“இல்லாம? எங்க ஓரகத்தி என் கண்ணெதிருதான் பூட்டா. புள்ள நல்லாத்தான் பொறந்துச்சு. அப்புறம் ரத்தம் நிக்கல. வண்டி கட்டி ஸ்ரீபெரும்புதூரு போறதுக்குள்ள உடம்பு ஜில்லுன்னு ஆயிப்போச்சு.”

மாடிப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியின் முதல் பாதிக்கு அத்தை பதில் சொல்லிவிட்டார். பயம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. அதோடு ஒரு குரலும் ஒரு சூடான கையும் இருந்தன.

*

ஹிப்னோபர்த்திங்கின் குடும்ப மரத்தில் ஒரகடத்துக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு கிளை உண்டு. சோவியத் நாட்டில் வெல்வோவ்ஸ்கி முதலான மருத்துவர்கள், பாவ்லோவின் கொள்கையை வைத்துக் கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பிரசவத்தில் என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, மூச்சைப் பழக்கி, வலியோடு ஒட்டிய பயத்தைப் பிரித்தெடுப்பது. 1951இல் பெர்னார் லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் லெனின்கிராடு போய் அதைப் பார்த்தார். பாரிஸ் திரும்பி, புளூயே என்ற மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். அந்த மருத்துவமனையை நடத்தியது உலோகத் தொழிலாளர் சங்கம்.

இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சங்கத்தின் பெருங்கோட்டைகளில் ஒன்று பாரிஸ் ஓரத்து ரெனோ கார் ஆலை. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்ததிலிருந்து அந்தப் பெயர் எங்களுக்கும் தெரிந்த பெயர். காருக்கு இரும்பு வளைத்தவர்களின் சந்தாவில் ஓடிய ஒரு மருத்துவமனையில்தான், தொழிலாளியின் மனைவி பயமில்லாமல் பிள்ளை பெறக் கற்றுக்கொண்டாள். மேற்கு ஐரோப்பா முழுக்க அது பரவியது. 1956இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் ‘இதில் சமயத்துக்கு விரோதம் ஒன்றுமில்லை’ என்ற பொருளில் பேச வேண்டிவந்தது.

மேரி மோங்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி டிக்-ரீடையும் ஹிப்னாசிசையும் சேர்த்து 1989இல் தொடங்கியதுதான் இன்று ஹிப்னோபர்த்திங் என்று நாம் கேள்விப்படுவது. அதன்பின் அது கட்டணம், சான்றிதழ், குரல்பதிவு, செயலி என்று வளர்ந்தது. சங்கத்து மருத்துவமனையில் சந்தாதாரருக்குக் கிடைத்தது இப்போது தனி ஆளின் செல்போனில் கிடைக்கிறது. இடையில் என்ன காணாமல் போனது என்று பார்த்தால், பக்கத்தில் உட்காரும் ஆள்.

*

நம் பக்கம் நடந்தது வேறு கதை. சென்னையில் 1844இலேயே அரசு பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1882 முதல் எழும்பூரில் இப்போது இருக்கும் இடத்தில். அதன் பொறுப்புக்கு வந்த இந்தியர் ஏ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய பிரசவ மருத்துவ நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள். போர் குழுவிலும் அவர் உறுப்பினர். கிராமத்துக்கு மட்டும் அது எட்ட வெகுகாலம் ஆனது. 1990களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வீட்டில்தான். கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு உதவித்தொகை வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதம் மருத்துவமனையில். 2018–20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் சாவு. போர் குழு நாடு முழுமைக்கும் சொன்ன கணக்கை இதே அளவில் சொன்னால் லட்சத்துக்கு 2,000. அத்தையின் ஓரகத்திகள் இன்று பிழைக்கிறார்கள். இதைவிடப் பெரிய சாதனை ஒன்றை இந்த மாநிலம் செய்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பாதையில் ஒருத்தியைக் கழற்றிவிட்டோம். மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். தொப்புள்கொடி அறுப்பது தீட்டு என்பதால் அந்த வேலையை ஊர் அவள் தலையில் கட்டியது. கூலியாகக் கொஞ்சம் நெல், வெற்றிலைப் பாக்கு, பழைய புடவை. அவள் கையறிவை மதிக்காமலே வேலை வாங்கினோம், மதிக்காமலே அனுப்பினோம். அவள் மகள்கள் அந்த வேலையைத் தொடாதது நியாயம்தான். ஆனால் அவளோடு சேர்ந்து அம்மாவும் பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். வான் ஹோலன் பார்த்த 1995இன் லேபர் வார்டில் திட்டு இருந்தது, அடி இருந்தது, கேட்காமலே ஏற்றிய டிரிப் இருந்தது. துணைக்கு ஆள் இல்லை.

மாடிப் பெண்ணுடன் வேலை பார்க்கும் ஒருத்தி போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் பெற்றாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். “படுக்கும்போது தெரிஞ்சிதா, இப்ப மட்டும் கத்துற” என்று யாரோ சொன்னதை அவள் மறக்கவேயில்லை. வீட்டில் பெற வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று நாம் தேட வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும்.

கத்தியும் ஒரு காரணம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. மக்கள்தொகை அளவில் பத்து சதத்துக்கு மேல் சிசேரியன் கூடினால் தாய், சேய் சாவு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேவைப்படும்போது உயிர் காக்கும் கத்தி இது, அதில் சந்தேகமில்லை. நல்ல நேரம் பார்த்து அறுக்கச் சொல்லும் குடும்பங்களும் இந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. கமலவதியின் சோதிடர்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள்; இப்போது நாழிகையைத் தள்ளுவதில்லை, முன்னுக்கு இழுக்கிறார்கள்.

*

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை வீட்டில் பெற்றார். யூடியூப் பார்த்து, கணவரும் நண்பர் குடும்பமும் உதவி செய்ய. குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்கில் தாய் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி முகாம் அறிவித்தவர் கைது செய்யப்பட்டார். ஊரெல்லாம் அந்தத் தம்பதியை முட்டாள்கள் என்று திட்டியது. எனக்கு அத்தையின் ஓரகத்திதான் ஞாபகம் வந்தாள். குழந்தை நல்லபடி வந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் பேறுகால ரத்தப்போக்கு ஆரம்பிக்கும். கவனிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகும். எந்த மூச்சுப் பயிற்சியும் அதை நிறுத்தாது. கருப்பையைச் சுருக்கும் ஊசியும், அதைப் போடத் தெரிந்த கையும், ஏற்ற ரத்தமும் வேண்டும்.

வீட்டுப் பிரசவம் எங்குமே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. இங்கிலாந்தில் 64,000க்கு மேற்பட்ட, ஆபத்து குறைந்த பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு வீட்டில் பெற்றாலும் மருத்துவமனையில் பெற்றாலும் குழந்தைக்கு ஆபத்தில் வேறுபாடு தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் தெரிந்தது: குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு மருத்துவமனைப் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதம் பாதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. அங்கே வாசலில் படித்த மருத்துவச்சி, கையில் ஊசிப்பெட்டி, காத்திருக்கும் ஆம்புலன்ஸ். இங்கே மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டிப் பாருங்கள்.

“அப்ப இந்த மூச்சு, தியானம் எல்லாம் வேஸ்ட்டா டீச்சர்?” என்றாள் அவள்.

அதற்கும் ஆய்வு இருக்கிறது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு பிரசவத்தில் ஹிப்னாசிஸ் பற்றி 2016இல் ஆராய்ந்தது. 9 சோதனைகள், 2,954 பெண்கள். வலி மருந்தின் தேவை ஓரளவு குறையலாம். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கெடுதல் என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அதே அமைப்பு வேறொன்றைப் பார்த்தது: பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? 26 சோதனைகள், 15,858 பெண்கள். சிசேரியன் குறைந்தது. இயல்பான பிரசவம் கூடியது. பிரசவ நேரம் குறைந்தது. வலி மருந்தும் குறைந்தது. மோசமான அனுபவம் என்று சொன்னவர்களும் குறைந்தார்கள்.

எஸ்டெய்லின் இருட்டறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்த இளைஞர்கள், பாரிஸ் சங்கத்து மருத்துவமனையில் மூச்சு எண்ணிச் சொன்னவர்கள், அத்தைக்கு முன்னால் குந்தியிருந்த சூட்டுக் கைக் கிழவி. என் கணக்கில் இவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். அமைதிக்கு வீட்டுச் சுவர் காரணமில்லை. அந்தச் சுவருக்குள் இருந்த ஆள் காரணம்.

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை தெரியாத தமிழர் உண்டா? பேறுகாலத்தில் இருந்த ரத்னாவதி காவிரிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா வரக் காத்திருக்கிறாள். ஆற்றில் வெள்ளம். அம்மா வர முடியவில்லை. சிவன் அம்மா வேஷத்தில் வந்து பேறு பார்க்கிறார். நினைத்தால் வலியே இல்லாமல் செய்திருக்கலாம், வெள்ளத்தை வற்ற வைத்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேறுகாலத்தில் எது இல்லாமல் முடியாது என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாடு அரசு 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டுக்கே முன்மாதிரி அது. 2018இல் மத்திய அரசு முறையான மருத்துவச்சிப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துணை உண்டு என்பது பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் கேட்கக் கூச்சம். எங்கள் பகுதிக்கு இது கூடுதல் அவசரம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். லைன் வீடுகளிலும் மாடி அறைகளிலும் இன்னும் எத்தனையோ பேர். எல்லோரும் அம்மாவை எங்கோ விட்டுவிட்டு வந்தவர்கள். சில வருஷத்தில் இவர்களில் பலர் இங்கேயே பெறுவார்கள். அவர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஓடுவது காவிரி இல்லை. விடுப்புக் கிடைக்காத ஷிப்ட்.

மாடிப் பெண் மூச்சுப் பயிற்சியை விடவில்லை. அதை விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்க அதுதான் உதவுகிறது என்கிறாள். வீட்டுப் பிரசவ யோசனையை விட்டுவிட்டாள். பிக்மி எண் வாங்கியாகிவிட்டது. நர்ஸம்மாவிடம், துணைக்கு ஆள் வரலாமா என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள்; வரலாம் என்று பதில் வந்தது. மூன்று வாரம் முன்னதாகவே போளூரிலிருந்து அவள் அம்மா வந்து இறங்கியிருக்கிறார். அந்த அம்மா நாலு பெற்றவர், ஆனால் எல்லாமே தனியாகப் படுத்துப் பெற்றது. பக்கத்தில் நின்று பழக்கமில்லை. சாயங்காலம் ஆனால் திண்ணையில் அத்தை அவரை உட்கார வைத்து, இடுப்பில் எந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்.

“மொதல்ல கைய நல்லா தேச்சி சூடு பண்ணிக்கோ” என்கிறார்.